ஓரத்துப் படம்

அத்தியாயம் 6

"தண்ணி" என்றாள் ப்ரெசென் அம்மாள்.

ஜோமாரின் தொண்டையில் பிஸ்கட் அப்படியே நின்றுவிட்டது. நிற்காதா பின்னே? ப்ரெசென் அம்மாளை அடக்கம் செய்து இன்னும் ஒன்பதாம் நாள் ஜெபம்கூட முடியவில்லை. கீழே கூடத்தில் அவள் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்ததை இப்போதுதான் பார்த்துவிட்டு மாடியேறி வந்திருந்தான்.

"பயப்படாதீங்க. மெஷின்தான் பேசுது" என்று சொல்லிக்கொண்டே மகள் மரிவிக் தண்ணீர் டம்ளரை எடுக்க ஓடினாள்.

கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கப்பட்டிருந்தார் கேப்டன் எராக்லியோ. ஒரு காலத்தில் இலோய்லோ துறைமுகத்தில் அவர் குரல் கேட்டால் சரக்குக் கப்பலே நிமிர்ந்து நிற்கும் என்பார்கள். போன வருஷம் வந்த வாதம் அந்தக் குரலையும் வலது பக்கத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் விட்டுவைத்தது இடது கை ஒன்றுதான், அதுவும் நடுங்குகிற கை. அவர் நெஞ்சுக்கு நேரே ஒரு இரும்புத் தாங்கியில் அகலமான டச் ஸ்கிரீன் நின்றது. அதிலிருந்து ஒயர் இறங்கி, பக்கத்து மேஜையில் இருந்த பழைய லேப்டாப்புக்குப் போயிற்று. திரையில் ஒரே வரிசையாக ஆறு படங்கள். படத்தைத் தொட்டால் குரல் வரும்.

"முதல்ல அதுல ரோபோ மாதிரி ஒருத்திதான் பேசினா. 'என் புருஷனுக்காக எவளோ ஒருத்தி பேசறதா'ன்னு அம்மா சண்டை போட்டு, எல்லாத்தையும் அவங்க குரல்லயே பேசி ஏத்த வெச்சாங்க. அப்புறம் ஒருநாள் தூக்கத்துலயே..." மரிவிக் டம்ளரை அப்பாவின் உதட்டில் வைத்தாள்.

கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் சட்டையில் வழிந்தது. அவருடைய இடது கை தூக்கிவாரிப்போட்டதுபோல எழுந்து, திரையின் வலது கோடியில் மொத்தமாக விழுந்தது.

"தூக்கம்" என்றாள் ப்ரெசென் அம்மாள்.

"பாத்தீங்களா? அம்மாவை அடக்கம் பண்ணினதுல இருந்து இதே கதைதான்" என்று மரிவிக் டம்ளரை ணங்கென்று வைத்தாள். "தண்ணி கேப்பாரு, குடுத்தா துப்புவாரு. தூக்கம்பாரு, விளக்கை அணைச்சா கண்ணு கொட்டாம கிடப்பாரு. கஞ்சி ஒரு வாய் இறங்கல. இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு."

அறையின் மூலையில் நின்று இதையெல்லாம் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் லூமென் கும்பான். கன்னியர் மடத்தில் பாதி வழி போய், கேள்வி கேட்கிற வியாதியால் திரும்பி வந்து, துப்பறிகிற தொழிலில் இறங்கியவள். ஜோமார் செல்போன் ரிப்பேர் கடை வைத்து, கடையையே ரிப்பேர் ஆக்கிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தவன். அவளை அவன் மனாங் என்பான், அக்கா என்று அர்த்தம். அவள் அவனை என்னவெல்லாம் சொல்வாள் என்பதை விட்டுவிடுவோம்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? அதைச் சொல்லுங்க" என்றாள் லூமென்.

மரிவிக் சொன்னாள். காணாமல்போனது அம்மாவின் தங்க ஜெபமாலை. கல்யாணத்தன்று கேப்டன் தன் கையால் கொடுத்தது. அடக்கம் முடிந்து வந்து பார்த்தால் அலமாரி இழுப்பறையில் இல்லை. வீட்டில் அதன் சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். கேப்டன், மரிவிக், அப்புறம் மிண்டா. கேப்டனைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்ட பெண் அவள்.

"நான் அப்பாகிட்டயே கேட்டேன். ஆளுங்க படத்தைத் திரையில போட்டு, யாருப்பா எடுத்ததுன்னேன். கையைத் தூக்கி வெச்சாரு. அம்மா குரல் 'மிண்டா'ன்னு சொல்லுச்சு. ஜெபத்துக்கு வந்தவங்க அத்தனை பேரும் கேட்டாங்க."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பையைத் தூக்கிக்கிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டா. திருடலைன்னா எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? நாளைக்கு ஒன்பதாம் நாள். அதுக்குள்ள மாலை வந்துட்டா விட்டுடறேன். இல்லைன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்."

ஜோமாருக்குச் சங்கடமாக இருந்தது. அந்த மிண்டா வெளிநாட்டுக்கு முதியோர் பணிக்குப் போகக் காகிதமெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் கேட்டிருந்தான். போலீஸில் பேர் ஏறிவிட்டால் அவளை எந்த நாடும் உள்ளே விடாது, உள்ளூரில்கூட ஒரு வீட்டில் ஏற்றமாட்டார்கள். அவள் பிழைப்பில் மண்தான்.

"அவர் எந்தப் படத்தைத் தொட்டார்னு நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றாள் லூமென்.

"அவரு கை விழறதைத்தான் இப்ப பாத்தீங்களே. விரல் நீட்டவா முடியுது? உள்ளங்கைக்கு அடியில எது இருக்குன்னு யாருக்குத் தெரியும்? குரல் சொல்றதுதான்."

"டேய், மெஷினைப் பாரு."

ஜோமார் கையைத் துடைத்துக்கொண்டு திரையின் முன்னால் குனிந்தான். சோற்றுக் கிண்ணத்தின் படத்தைத் தொட்டான். "சோறு" என்றது குரல். பக்கத்தில் முகம் சுளித்த படம். "வலி" என்றது. கீழே இருந்த அம்புக்குறியைத் தட்டினான். படங்கள் மாறி ஆறு முகங்கள் வந்தன. நடுவில் கண்ணாடி போட்ட ஆளைத் தொட்டான். "டாக்டர்" என்றது.

"மெஷின் சுத்தம், மனாங். திரைகூட பாருங்க, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டு துக்கம் கொண்டாடுது."

யாரும் சிரிக்கவில்லை. மரிவிக்கின் சட்டையில் குத்தியிருந்த கறுப்புத் துணித்துண்டைப் பார்த்த பிறகு ஜோமாருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. லூமென் மட்டும் திரையின் இரு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஓடிய அந்தக் கறுப்புப் பட்டைகளை ஒரு தடவை பார்த்தாள்.

அந்த நேரம் கேப்டனின் கை மறுபடி எழுந்து இடது கோடியில் விழுந்தது.

"ரெய்" என்றது குரல்.

மரிவிக்கின் முகம் சுருங்கிப்போனது. "தம்பி. கப்பல்ல இருக்கான், வர முடியல. நான் ராப்பகலா பக்கத்துலயே கிடக்கேன். முகமெல்லாம் வரிசையா வந்தா அவனைத்தான் கூப்பிடறாரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேரைச் சொல்லல."

கேப்டனின் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. மரிவிக் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

கிமராஸ் தீவுக்குப் படகு ஏறுகிற துறைக்குப் பக்கத்தில், நூடுல்ஸ் சூப் கடை ஒன்றின் பின்கட்டில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள் மிண்டா. கடை அவள் சித்தியுடையது. ஜோமார் முதல் காரியமாக ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தான்.

"நாங்க மரிவிக் அனுப்பித்தான் வந்திருக்கோம், இண்டாய்" என்றாள் லூமென். சின்னப் பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் வாஞ்சையாகக் கூப்பிடுவார்கள்.

மிண்டா நிமிரவில்லை. "கேப்டன் சாப்பிட்டாரா?"

"நீ எடுத்தியான்னு நான் கேக்க வந்தேன். நீ அவரு சாப்பிட்டாரான்னு கேக்கறே."

"சாப்பிட்டாரா, இல்லையா?"

"இல்லை."

அவள் கை சோப்பு நுரைக்குள் நின்றது. அப்புறம் இன்னும் வேகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த கிண்ணத்தையே திரும்பத் தேய்க்கிறாள் என்பது ஜோமாருக்குத் தெரிந்தது.

"தண்ணி மட்டும் ஓயாம கேக்கறாரு" என்றான் அவன், ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று.

"யாரு? கேப்டனா?" மிண்டா முதல்முறையாக நிமிர்ந்தாள். "அவரு தண்ணியே குடிக்கமாட்டாரே! பேச்சு இருந்த காலத்துலயே அப்படித்தானாம். 'ஆயுசு பூரா தண்ணி மேலயே கிடந்தாச்சு, அதை உள்ள வேற ஊத்தணுமா'ம்பாராம். எலுமிச்சைச் சாறு, இல்லைன்னா வறுத்த அரிசிக் காப்பி. நான் இருந்தவரைக்கும் அந்தப் படத்தைத் தொட்டதே கிடையாது."

லூமெனின் புருவம் லேசாக ஏறியது. "படங்களை வரிசைப்படுத்தினது யாரு?"

"நானும் அம்மாவும்தான்."

"முதல் படம்?"

மிண்டாவின் உதட்டில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போயிற்று. "கூப்பின கை. 'மன்னிச்சுக்கோ'. அம்மாதான் அடம் பிடிச்சு முதல்ல வெச்சாங்க. கல்யாணமான நாள்ல இருந்து இந்த மனுஷன் வாயில இருந்து அந்த வார்த்தை வந்ததில்ல, இனிமேலாவது என் வாயால சொல்லட்டும்னாங்க. கேப்டன் முறைச்சாரு பாருங்க ஒரு முறை! அதையும் தொட்டதே இல்ல."

"அதுக்கு அடுத்தது?"

"தண்ணி."

"கடைசிப் படம்?"

"நிறுத்தற மாதிரி விரிச்ச கை. 'வேண்டாம்'. அதுக்கு முன்னாடி தூக்கம்."

லூமென் எழுந்து, கடையின் நடையில் இரண்டு தடவை போய் வந்தாள். ஜோமார் சூப்பை வேகமாக உறிஞ்ச ஆரம்பித்தான். அவள் இப்படி நடந்தால் சாப்பாடு பாதியில் போகும் என்பது அவன் அனுபவம்.

"டேய், நீ மெஷினைச் சோதிச்சியே, எந்தப் படத்தைத் தொட்டே?"

"சோறு. வலி. டாக்டர்."

"எல்லாம் எங்க இருந்துச்சு?"

"எங்கன்னா? நடுவுல."

"எப்பவும் சோத்துலதான் கை வைப்பே. ஓரத்துல ஏன் வைக்கல?"

ஜோமார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"இண்டாய்" என்று லூமென் மிண்டாவின் பக்கத்தில் குந்தினாள். "அந்தத் திரை எப்ப இருந்து ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை கட்டியிருக்கு?"

மிண்டாவுக்குப் புரியவில்லை. "பட்டையா? படம் திரை பூரா இருக்குமே. ஓரம் வரைக்கும்."

"அப்போ லேப்டாப் வேற."

"ஆமா. அதோட சேர்ந்து வந்தது புதுசு, அகலமா இருக்கும். அம்மா காலமானதும் அதைக் கீழ கொண்டு போயிட்டாங்க. தம்பி கப்பல்ல இருந்து பாக்கணுமே, அடக்கத்துல இருந்து ஜெபம் வரைக்கும் எல்லாத்தையும் அதுலதான் நேரா காட்டறாங்க. அடக்கம் முடிஞ்சு வந்த பிறகுதான் கேப்டனுக்கு மரிவிக் அக்கா தன்னோட பழைய ஸ்கூல் லேப்டாப்பை மாட்டிக் குடுத்துச்சு, அதை நான் கிட்டப் போய்ப் பாக்கறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. படமெல்லாம் அதுல ஏத்தியாச்சு, சரியா பேசுதுன்னு சொல்லுச்சு."

ஜோமார் தலையில் கை வைத்துக்கொண்டான். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு அந்த ஊரில் ஏது? சாவு விழுந்த வீட்டில் காப்பிக்கு முன்னால் நேரலை வைக்கிறார்கள். நல்ல லேப்டாப்பை மாடியிலிருந்து கழற்றிக் கீழே வைத்ததில் தப்பு என்ன இருக்கிறது என்று எவருக்கும் தோன்றியிருக்காது.

"நீ ஏன் எடுக்கலைன்னு சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டாள் லூமென்.

"அவரே என் பேரைச் சொல்லிட்டாரு" என்றாள் மிண்டா. குரல் உடைந்தது. "ஊர் பேசினா பேசட்டும். அவரு கைதான் என்னைக் காட்டுச்சு. அம்மா குரல்தான் என் பேரைச் சொல்லுச்சு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"உனக்கு அந்த மாலை எங்க இருக்குன்னு தெரியும், இல்லையா?"

மிண்டா அழுகையை நிறுத்திவிட்டாள். தண்ணீர்த் தொட்டியையே பார்த்தாள். "நான் திருடல. அவ்வளவுதான் சொல்ல முடியும். மிச்சத்தைச் சொன்னா அந்த வீட்டுப் பொண்ணு தாங்காது."

"எங்ககூட வா."

"வரமாட்டேன். சாயந்திரப் படகுல ஊருக்குப் போறேன்."

லூமென் வற்புறுத்தவில்லை. ஜோமாரின் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினாள். சூப்பில் பாதி மிச்சம் இருந்தது.

*

ஊர் ஜீப் வண்டியான ஜீப்னியில் ஜோமார் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். கடை வைத்திருந்தவன், கண்ணில் பட்ட கறுப்புப் பட்டையைக் கிண்டல் செய்துவிட்டுப் போய்விட்டானே! எவனாவது சின்னப் பையன் வந்து கேட்டிருந்தால் நாலு வார்த்தையில் சொல்லியிருப்பான்.

மாடி அறையில் லூமென் நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். கேப்டன் கண்ணை மூடிக் கிடந்தார்.

"மரிவிக், இங்க வாங்க. என் விரலை மட்டும் பாருங்க."

இடது கோடியில் இருந்த கூப்பிய கைகளின் நட்டநடுவில் விரலை வைத்தாள்.

"தண்ணி" என்றது குரல்.

மரிவிக்குக் கண் விரிந்தது. லூமென் வலது கோடிக்குப் போய், விரிந்த உள்ளங்கையைத் தொட்டாள்.

"தூக்கம்."

"இது... இது எப்படி?"

"பெரிய கட்டில்ல சின்னப் பாயை விரிச்ச மாதிரிதான்க்கா" என்றான் ஜோமார். அவன் குரலில் வழக்கமான கும்மாளம் இல்லை. "இந்தப் பழைய லேப்டாப்போட படம் சதுரம். திரை அகலம். அதான் படம் நடுவுல சுருங்கி, ரெண்டு பக்கமும் கறுப்பா கிடக்கு. ஆனா கை பட்ட இடத்தை மெஷின் பாயை வெச்சு அளக்கல, கட்டிலை வெச்சு அளக்குது. நடுவுல தொட்டா சரியா விழும். ஓரத்துக்குப் போகப் போக உள்ள தள்ளி விழும். ஓரத்துப் படத்தைத் தொட்டா பக்கத்துப் படம் பேசும். நானும் நடுவுலயே தொட்டுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

மரிவிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அப்பா தண்ணி..."

"கேக்கல. மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருந்தாரு. நீங்க டம்ளரை நீட்டினா வேண்டாம்னாரு. நீங்க விளக்கை அணைச்சீங்க."

லூமென் அம்புக்குறியைத் தட்டினாள். ஆறு முகங்கள் வந்தன. இடது கோடியில் மரிவிக்கின் படம், வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தது. லூமென் அதைத் தொட்டாள்.

"ரெய்."

மரிவிக்கிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. அவள் கட்டிலில் விழுந்து அப்பாவின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "என்னையாப்பா கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க? நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேனேப்பா!"

ஜோமார் அங்கே நிற்க முடியாமல் கீழே ஓடினான். கூடத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு எதிரே முக்காலியில் கண்ணைத் திறந்துகொண்டிருந்த அகல லேப்டாப்பை அவன் அப்படியே மடக்கித் தூக்கினான். நாலு கிழவிகள் ஜெபத்தை நிறுத்தாமலே கண்ணால் அவனை எரித்தார்கள். "நடுக்கடல்ல இருக்கிற தம்பி மன்னிச்சுக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு மாடிப்படியில் தாவினான்.

ஒயரை மாற்றியதும் கறுப்புப் பட்டைகள் போயின. ஆறு முகங்களும் திரையை நிறைத்து ஓரம் வரைக்கும் பரவின. ஜோமார் இந்தத் தடவை ஓரத்தைத்தான் முதலில் தொட்டான். இடது கோடியில் அவன் விரல் பட்டதும் "மரிவிக்" என்றது செத்தவளின் குரல், மகளைக் கீழ்ப்படியில் நின்று கூப்பிடுகிற மாதிரி.

கேப்டன் கண்ணைத் திறந்தார்.

"கேப்டன்" என்று லூமென் குனிந்தாள். "ஒரு தடவை கேட்டாங்க. மெஷின் தப்பா சொல்லிடுச்சு. இப்ப சரியா சொல்லும். அந்தத் தங்க ஜெபமாலையை எடுத்தது யாரு?"

நடுங்குகிற கை எழுந்தது. காற்றில் தடுமாறியது. மிண்டாவின் படத்தைத் தாண்டிப்போய், வலது கோடியில் விழுந்தது.

"நான்தான். சொல்லுங்க" என்றாள் ப்ரெசென் அம்மாள்.

மற்றவர்களுக்கெல்லாம் பேரைப் பதிந்தவள், தன் படத்துக்கு மட்டும் பேரைப் பதியாமல், புருஷன் கூப்பிட்டால் என்ன சொல்வாளோ அதையே பதிந்து வைத்திருக்கிறாள்.

"அம்மாவா?" மரிவிக் திகைத்தாள். "அம்மாதான் போயிட்டாங்களே. அம்மா எப்படி..."

"அம்மா கையில எந்த ஜெபமாலையை வெச்சு மூடினீங்க?" என்றாள் லூமென்.

"மரத்துல செஞ்சது. மூடுறதுக்கு முன்னாடி நானேதான் கத்தரியால அறுத்தேன். அறுக்காம அனுப்பினா..." மரிவிக் நின்றுவிட்டாள்.

அந்த அறையில் இருந்த யாருக்கும் மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செத்தவர் கையில் இருக்கும் ஜெபமாலையை அறுத்துத்தான் மண்ணுக்கு அனுப்புவார்கள். முழுசாக அனுப்பினால் அது கயிறாக நீண்டு, வீட்டிலிருந்து இன்னொரு ஆளை இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

"பெட்டிக்குள்ள ரெண்டு மாலை போயிருக்கு" என்றாள் லூமென். "ஒண்ணு நீங்க அறுத்தது. இன்னொண்ணு யார் கண்ணுலயும் படாம, அறுக்காம போனது. கேப்டனால தனியா இழுப்பறையைத் திறக்க முடியாது. அவரு காட்டினாரு, மிண்டா எடுத்து வெச்சா. அதை உங்ககிட்ட அவ எப்படிச் சொல்லுவா? உங்கப்பா சாகணும்னு ஆசைப்படறாருன்னா?"

மரிவிக்கின் முகத்தில் ரத்தம் ஏறியது. "கேட்டாருன்னா குடுத்துடுவாளா? எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லி வழியனுப்பி வெச்சிருக்காளே, பாவி! ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். இன்னைக்கே கல்லறையைத் திறந்து..."

கேப்டனின் கை மெத்தையை அடித்தது. ஜோமார் சட்டென்று அம்புக்குறியைத் தட்டி, படங்களை மாற்றினான். கை வலது கோடியில் விழுந்தது.

"வேண்டாம்."

"அப்பா, அதை அறுத்தாகணும்ப்பா."

"வேண்டாம்."

"என்னை விட்டுட்டுப் போகணுமா உங்களுக்கு?"

இதற்குக் கை உடனே எழவில்லை. கேப்டன் மகளையே பார்த்தார். வாயின் ஒரு பாதி துடித்தது. அப்புறம் கை மெல்ல நகர்ந்து, இடது கோடிக்குப் போய், அங்கேயே கிடந்தது.

"மன்னிச்சுக்கோ" என்றாள் ப்ரெசென் அம்மாள். கை நகரவில்லை. அழுத்தம் விட்டு விட்டு விழுந்தது. "மன்னிச்சுக்கோ. மன்னிச்சுக்கோ."

ஆயுசு பூரா அந்த வார்த்தைக்குக் காத்திருந்தவள் மண்ணுக்குள் போன பிறகு, அவள் தொண்டையாலேயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். மரிவிக் அப்பாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். கேவிக் கேவி அழுதாள். அழுகை ஓய்ந்தபோது நிமிராமலே சொன்னாள்: "இருக்கட்டும். அது அங்கயே இருக்கட்டும்ப்பா."

கேப்டனின் கை அம்புக்குறியைத் தேடித் தடுமாறியது. ஜோமார் அவருக்காகத் தட்டினான். முகங்கள் வந்தன. கை கடைசிக்கு முந்தின படத்தில் விழுந்தது.

"மிண்டா."

திரும்ப அம்புக்குறியைத் தேடியது கை. ஜோமார் தட்டினான்.

"மன்னிச்சுக்கோ."

திரும்பவும் முகங்கள். "மிண்டா."

"போனைப் போடுடா" என்றாள் லூமென்.

ஜோமார் சூப் கடைக்குப் போன் போட்டு, சித்தியிடம் கெஞ்சி மிண்டாவை வரவழைத்து, எதுவும் சொல்லாமல் போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். அவர் தொடுவார், இவன் தட்டுவான். மிண்டா, மன்னிச்சுக்கோ. மிண்டா, மன்னிச்சுக்கோ. போனுக்குள் கிண்ணங்கள் உரசுகிற சத்தமும், யாரோ சூப் கேட்கிற சத்தமும், தூரத்தில் படகுக்காரன் கூவுகிற சத்தமும் கேட்டன.

"கேக்குதா?" என்றான் ஜோமார். "அன்னிக்கும் அவரு உன் பேரைச் சொல்லல. அம்மாவைத்தான் சொன்னாரு. மெஷின்தான் மாத்திச் சொல்லிடுச்சு."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"கஞ்சியில இஞ்சி போட வேணாம்னு சொல்லுங்க, அவருக்குக் காந்தும்" என்றாள் மிண்டா. "நான் வர்றேன்."

*

மிண்டா வந்தபோது வாசலில் மரிவிக் நின்றாள். மரிவிக் அவள் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டு வழிவிட்டாள். மிண்டா செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டுக்குள் போகிற மாதிரி மாடியேறிப் போனாள்.

துக்க வீட்டில் வந்தவர்களுக்கு நன்றி சொல்லமாட்டார்கள், வாசல்வரை வந்து வழியனுப்பவும் மாட்டார்கள். மரிவிக் படிக்கட்டிலேயே நின்று அவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். லூமெனும் ஜோமாரும் தாங்களாகவே கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினார்கள். மாடி ஜன்னல் திறந்திருந்தது. கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் கேட்டது.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா? ஏதாவது உளறித் தொலை" என்றாள் லூமென்.

ஜோமார் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். "மனாங், அவரு போயிடுவாரு, இல்ல?"

"போவாரு. ஆனா வயித்தைக் காயப்போட்டுக்கிட்டுப் போகமாட்டாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவன் பார்க்காத மாதிரி இருந்தான். மேலே ஜன்னலிலிருந்து ப்ரெசென் அம்மாளின் குரல் இன்னொரு தரம் "மன்னிச்சுக்கோ" என்றது. இந்தத் தடவை யாரும் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடவில்லை.